காதுக்குக் கீழே வலிக்காத கட்டி

உத்திரமேரூர்ப் பக்கம் யாருக்காவது காதுக்குக் கீழ வீங்குச்சுன்னா, "பொன்னுக்கு வீங்கி"ன்னு சொல்லி வேப்பிலையை அரைச்சுப் பத்துப் போட்டுடுவாங்க. பொன்னுக்கு வீங்கின்னா வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், பத்து நாள்ல வத்திடும். ஆனா வலியே இல்லாம, கோலிக்குண்டு மாதிரி கெட்டியா ஒரு கட்டி மாசக்கணக்கா இருந்தா?

காதோரமா பரோட்டிட்னு ஒரு எச்சில் சுரப்பி இருக்கு. எச்சில் சுரப்பியில கட்டி வர்றதே அபூர்வம். வந்தா பெரும்பாலும் இதுலதான் வரும். அதுல பத்துக்கு எட்டு புற்றுநோய் கிடையாது. அதுக்காக விட்டுடாதீங்க. அதிகமா வர்ற 'பிளியோமார்ஃபிக் அடினோமா' வருஷக்கணக்கா கிடந்தா சிலருக்குப் புற்றா மாறும். கட்டி இருக்கற பக்கம் முகம் கோணினாலோ, கண்ணு சரியா மூடலைன்னாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க.

முக நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ள நுழைஞ்சுதான் நெத்தி, கண்ணு, கன்னம், உதடுன்னு கிளை பிரியுது. "சின்னக் கட்டிதானே, கீறி எடுத்துடலாம்"னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. நரம்பு அறுந்தா வாய் கோணிக்கும். கட்டியோட உறை கிழிஞ்சா, பல வருஷம் கழிச்சு அதே இடத்துல கொத்துக்கொத்தா முளைக்கும்.

முதல்ல ஸ்கேன், அப்புறம் ஊசிப் பரிசோதனை. ரத்தம் எடுக்கற ஊசியைவிட மெல்லிசான ஊசியால கொஞ்சம் செல்லை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டுல தடவி மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. "ஊசி குத்தினா புற்று பரவிடும்"னு நம்ம ஊர்ல ஒரு பயம் இருக்கு. மெல்லிய ஊசியால பரவுறது அரிதிலும் அரிது. பயந்துக்கிட்டு வீட்டுலயே இருக்கறதுதான் ஆபத்து.

ஒண்ணே ஒண்ணு கவனிங்க. கழுத்துல நாடி துடிக்கற இடத்துல வர்ற கட்டி, பக்கவாட்டுல நகரும், மேல கீழ அசையாது, தொட்டா துடிக்கும்னா, அது ரத்தக்குழாயை ஒட்டி வளர்ற 'கரோட்டிட் பாடி' கட்டியா இருக்கலாம். ஸ்கேன் பார்க்காம அதுல ஊசி குத்தவே கூடாது.

உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில முதல்ல காட்டுங்க. அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்புவாங்க. 1969-ல புற்றுநோயால இறந்த அறிஞர் அண்ணா பேருல, அவர் பிறந்த ஊர்லயே இருக்கற அரசு ஆஸ்பத்திரி அது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க.

மூணு வாரத்துக்கு மேல கரையாத கட்டியை டாக்டர்கிட்ட காட்டுங்க. வேற ஆஸ்பத்திரிக்கு மாறினா ரிப்போர்ட்டோட அந்தக் கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்கிக்கோங்க. அபூர்வமான கட்டியை இன்னொரு நிபுணரும் பார்த்துச் சொல்லணும்.