ஜெரெஜாக் முதல் பீடோர் வரை

பேராக் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பால் வெட்ட வந்த தமிழர்களில் பலர் முதலில் கால் வைத்தது பேராக்கில் அல்ல, பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி வந்தவர்களை நேரே கரையில் இறக்கிவிட மாட்டார்கள். அம்மை, காலரா உண்டா என்று பார்த்து, அம்மை குத்தி, துணிமணிகளுக்கு மருந்து காட்டி, நாள்கணக்கில் தீவிலேயே வைத்திருப்பார்கள். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்ததும் அதே தீவில்தான். உழைக்க வந்தவனுக்கு அதுதான் முதல் வரவேற்பு. அப்புறம் பிறையில் ரயிலேறி தைப்பிங், சுங்கை சிப்புட், ஈப்போ. லயத்தில் ஓர் அறை, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு.

ஆனாலும் வாசல் திறந்திருந்தது. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போனது. கருணை ஒன்றுமில்லை, ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

காகிதம் பிறகுதான் கேட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று 1969இல் ஆனபோது, சிவப்பு அடையாள அட்டையோடு பல்லாண்டு உழைத்திருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். வந்த கடல்வழியே திரும்பிப் போனார்கள். ஜெரெஜாக் தீவு சிறைச்சாலையானதும் அதே 1969இல்தான். 1993வரை அது சிறையாகவே இருந்தது.

இன்று ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் செம்பனைக்கு நடுவே கார்கள் வந்து நிற்கும். குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்கதேசிகளும். அன்று தோட்ட முதலாளி கொடுத்த பயணச் செலவை இன்று வங்கதேசத்துக்காரன் தானே கடன் வாங்கி ஏஜெண்டிடம் கட்டுகிறான். இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மியன்மாரிலிருந்து தப்பி வரும் ரோஹிங்கியாக்களுக்கு அந்த ஏஜெண்ட் வாசலும் கிடையாது. 2015 மே மாதம் லங்காவித் தீவில் வங்கதேசிகளும் அவர்களுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படகுகளில் வந்து இறங்கினார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. கையில் யூ.என். கார்டு இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய முடியாது. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியும் இல்லை. பிடிபட்டால் முகாம்தான். பேராக்கின் பீடோர் குடிநுழைவு முகாமிலிருந்து 2024 பிப்ரவரி 1ஆம் தேதி இரவு 131 பேர் தப்பி ஓடினார்கள். 115 பேர் ரோஹிங்கியாக்கள். ஒருவர் நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தார்.

அரசியல் மேடையில் நம்மை வந்தேறி என்று ஒருவன் சொன்னால் கொதிக்கிறோம். சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிறவனை 'டேய் பங்களா' என்று கூப்பிடும்போது நம் குரல் எப்படி இருக்கிறது? இத்தனைக்கும், யூ.என். கார்டுக்குக் காத்திருப்பவர்களில் இலங்கைத் தமிழரும் இருக்கிறார்கள்.