துணி உலர்தலும் மின்னாற்றலும்

பொதிகை மலையினின்று இறங்கிவரும் தாமிரபரணி ஆறு, பாபநாசத்தில் சமநிலத்தை அடைந்து, விக்கிரமசிங்கபுரத்தைக் கடந்து, அம்பாசமுத்திரத்தை அணைந்து செல்கின்றது. பங்குனி, சித்திரைத் திங்களாயின், அவ்வூர்ப் படித்துறையில் துவைத்துக் கரையில் விரித்த வேட்டியும் துண்டும் மூன்று நாழிகைக்குள் உலர்ந்து மொடமொடவென்று ஆகிவிடும். ஆனி, ஆடியில் மலையினின்று சாரல் வீசும்போதும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போதும் நிலைமை முற்றிலும் வேறு. பள்ளி செல்லும் சிறுவனின் சீருடை இரண்டு நாள் தாழ்வாரத்தில் தொங்கியும் ஈரம் போகாது. முடை நாற்றமும் சேர்ந்துகொள்ளும். கைக்குழந்தை உள்ள வீட்டிலோ தாய்மார் படும் பாடு சொல்லுந்தரமன்று.

இவ்விடரைத் தீர்க்க வந்தது துணி உலர்த்தும் எந்திரம். இதனைக் கடைக்காரர் ‘டிரையர்’ என்பர். அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் சாம்ப்சன் என்பார் 1892ஆம் ஆண்டில், அடுப்பின் வெப்பத்தால் துணி உலர்த்தும் சட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வழியே வளர்ந்து வந்த இக்காலத்து எந்திரத்துள் ஓர் உருளை சுழலும். அதனுள் துணிகள் புரண்டுகொண்டே இருக்கும். மின்சாரத்தால் சூடேற்றிய காற்று அவற்றினூடே புகுந்து ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறும். ஒன்றரை மணிக்குள் சட்டை அணிவதற்கு ஆயத்தமாகிவிடும். மழைக்காலத்தில் இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பேற்றுக்குக் கொடுக்கும் விலை யாது என்பது ஆராயத்தக்கது.

நீர் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தை உண்ணும். மண்பானையில் வைத்த நீர் குளிர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். பானையின் புறத்தே கசிந்த நீர் ஆவியாகுங்கால், அதற்கு வேண்டும் வெப்பத்தை உள்ளிருக்கும் நீரினின்றே கவர்ந்துகொள்கின்றது. இவ்வெப்பத்தின் அளவு சிறிதன்று. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஒரு கலோரி போதும். அதே ஒரு கிராமை 30 பாகை வெப்பநிலையில் ஆவியாக்கவோ ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். மின்கணக்கில் சொல்வதாயின், மின்வாரியத்தார் ‘யூனிட்’ என்று கணக்கிடும் கிலோவாட் மணி ஒன்று 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆகவே ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மூன்றில் இரண்டு பங்கு யூனிட் செலவாகும். எத்துணைத் திறமையாளன் எந்திரம் செய்தாலும், ஆவியை வெளியே விட்டுவிடும் எந்திரமாயின், இவ்வளவினும் குறைத்தல் இயலாது. இஃது இயற்கை விதித்த வரி.

நான்கைந்து பேர் உள்ள குடும்பத்தின் ஒரு நாள் துணி, உலர்ந்த நிலையில் ஐந்து கிலோ இருப்பதாகக் கொள்வோம். துவைத்துப் பிழிந்த பின்னும் அதில் மூன்று லிட்டர் நீர் தங்கியிருக்கும். அதனை ஆவியாக்க இரண்டு யூனிட் வேண்டும். துணியையும் உருளையையும் சூடாக்குவது, வெளியே வீணாய்ப் போகும் வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்தால் மூன்று யூனிட் ஆகிவிடும். வாரத்திற்கு மூன்று முறை எந்திரத்தை இயக்கும் வீட்டில் இரண்டு திங்களுக்கு ஏறக்குறைய 78 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு திங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படும் என்று 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப்பெட்டி முதலிய அனைத்துக்குமென வகுத்த அந்த நூற்றில் முக்காற் பங்கிற்கு மேற்பட்டதை இவ்வொரு கருவியே விழுங்கிவிடும்.

மூன்று யூனிட் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். பாபநாசத்து மலையடியில் நின்று பார்ப்பவர்க்கு அதன் பருமன் விளங்கும். அங்கு 1944ஆம் ஆண்டில் தொடங்கிய நீர்மின் நிலையம், மலையினின்று விழும் நீரைக்கொண்டு மின்சாரம் ஆக்கி வருகின்றது. நீர் விழும் விசையில் உள்ள ஆற்றல், வெப்பத்தோடு ஒப்பிடுங்கால், மிகச் சிறியது. நூறு மீட்டர் உயரத்தினின்று ஆயிரம் லிட்டர் நீர் விழுந்தால் கிடைப்பது கால் யூனிட்டுக்குச் சற்றே மேல். அக்கணக்கின்படி மூன்று யூனிட் பெறுவதற்கு, எந்திரங்களில் நேரும் இழப்பையும் சேர்த்து, 12,000 லிட்டருக்குக் குறையாத நீர் அவ்வுயரத்தினின்று விழவேண்டும். துணியில் தங்கிய மூன்று லிட்டர் நீரை ஓட்டுவதற்கு ஒரு பெரிய லாரி நிறையத் தண்ணீர் மலையினின்று குதிக்கவேண்டும்! அந்நீர் கெட்டுப் போவதில்லை. நதியுண்ணிக் கால்வாயிலும் கன்னடியன் கால்வாயிலும் பாய்ந்து நெல் விளைப்பதற்கே செல்லும். எனினும் அதன் வீழ்ச்சியில் இருந்த ஆற்றல் ஒருமுறைதான் கிடைக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பாபநாச நிலையத்தின் நான்கு எந்திரங்களும் முழு அளவில் ஓடினால் தருவது 32,000 கிலோவாட். துணி உலர்த்தும் எந்திரம் ஒன்று இயங்கும்போது இரண்டரைக் கிலோவாட் இழுக்கும். ஒரே நேரத்தில் 12,800 வீடுகளில் அதனை இயக்கினால் அந்நிலையத்தின் மின்சாரம் முழுதும் தீர்ந்துபோகும். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் ஆகிய இரண்டு ஊர்களின் வீடுகளே அத்தொகையைத் தாண்டும். நீர்மின்சாரம் போதாதபோது அனல்மின்சாரத்தை நாடவேண்டும். அதற்கு யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரியும்; ஒரு கூடைத் துணிக்கு இரண்டு கிலோ கரி.

வெயிலில் உலர்த்தினால் இவ்வாற்றல் செலவாவதில்லையோ எனின், செலவாகத்தான் செய்கின்றது. அதே இரண்டு யூனிட்தான். அதனைக் கதிரவனும் காற்றும் தருகின்றமையால் கணக்குச் சீட்டு வருவதில்லை. நண்பகலில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் விழும் வெயில் ஒரு கிலோவாட் அளவினது. ஒரு கட்டிலின் பரப்பில் விழும் ஒருமணி நேரத்து வெயிலே மூன்று லிட்டர் நீரை ஆவியாக்கத் தக்க ஆற்றல் உடையது. அமெரிக்காவில் ஐந்து வீடுகளுள் நான்கில் உலர்த்தும் எந்திரம் இருக்கின்றது. கொடியில் துணி தொங்குவது தெருவின் அழகைக் கெடுக்கும் என்று தடுக்கும் குடியிருப்புச் சங்கங்களும் அங்கு உண்டு. அத்தடை செல்லாது என்று புளோரிடா முதலிய மாநிலங்கள் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கொடி கட்டுவதற்கும் சட்டத்தின் துணை வேண்டியிருப்பது வியப்பே.

மழை நாளில் கொடி பயன்படாமைக்குக் காரணம் வெயில் இன்மை மட்டும் அன்று. காற்று ஓர் அளவுக்கு மேல் ஆவியை ஏற்காது. 25 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர்க் காற்று 23 கிராம் ஆவியைத்தான் தாங்கும். அடைமழையின்போது அதில் பத்தில் ஒன்பது பங்கு முன்னரே நிறைந்திருக்கும். எஞ்சிய இடம் இரண்டு கிராம் அளவே. அறையைச் சாத்திவைத்துத் துணி உலர்த்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. அறைக் காற்று விரைவில் நிறைந்துவிடும். பின்னர் ஈரம் துணியிலேயே தங்கும். சுவரும் பூஞ்சை பூக்கும். சன்னலைத் திறந்து, துணிகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் இடைவெளிவிட்டுத் தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிடுதலே தக்கது. விசிறி துணியைச் சூடாக்குவதில்லை. நிறைந்த காற்றை அகற்றிப் புதுக்காற்றைக் கொணர்கின்றது. ஆவியாவதற்கு வேண்டும் வெப்பத்தை அக்காற்றே தருகின்றது. 75 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் முக்கால் யூனிட்தான். நேரம் மிகும் என்பது மெய்யே. முதல்நாள் மாலையில் தொங்கவிட்டால் மறுநாட் காலையில் சீருடைக்குக் குறைவிராது.

இதனினும் சிறந்த வழி ஒன்று உண்டு. நீரை ஆவியாக்கி வெளியேற்றுவதுதான் விலை மிகுந்தது. நீரை நீராகவே வெளியேற்றுவது மிக மலிவு. சலவை எந்திரத்தின் உருளை விரைந்து சுழன்று நீரை வெளியே எறிகின்றதே, அதற்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது. நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுழலும் உருளையைக் காட்டிலும் 1,400 சுற்றுச் சுழல்வது துணியில் ஈரத்தை நன்கு குறைத்துவிடும். இவ்வாறு வெளியேறும் ஒவ்வொரு லிட்டர் நீரும் பின்னர் உலர்த்தும் எந்திரத்தில் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தும். படித்துறையில் இருவர் எதிரெதிர் நின்று புடைவையை முறுக்கிப் பிழிவதும் இதே பயனுடையது. அதற்கு மின்சாரமே வேண்டா.

இனி, எந்திரமே ஆகாது என்று ஒதுக்குதலும் நேர்மையன்று. மருத்துவமனைகளில் நாள்தோறும் குவியும் விரிப்புகளை மழைக்கும் வெயிலுக்கும் காத்திருந்து உலர்த்துதல் இயலாது. முற்றமும் மாடியும் இல்லாத அடுக்குக் குடியிருப்பில் வாழ்வோரும், ஈரத்துணியைத் தூக்கிப் படியேற இயலாத முதியோரும், தனியே நோயாளியைப் பேணும் பெண்டிரும் இதனை நாடுவது இயல்பே. வெயில் கட்டணம் கேட்பதில்லை என்பது உண்மை; துணியைச் சுமந்து செல்பவரின் உழைப்பை அது கேட்கின்றது. அவ்வுழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடமிருந்தே பெறப்பட்டு வந்தது என்பதை மறத்தல் ஆகாது. இத்தகையோர்க்கென இக்காலத்தில் ‘ஹீட் பம்ப்’ என்னும் வெப்ப ஏற்றி அமைந்த எந்திரங்கள் வந்துள்ளன. அவை ஆவியை வெளியே விடாமல் குளிர்வித்து நீராக்கி, அப்போது வெளிப்படும் வெப்பத்தை மீண்டும் துணிக்கே திருப்புகின்றன. ஆதலின் பழைய எந்திரத்தின் செலவில் பாதியோ அதனினும் குறைவோ போதும். விலை மிகுதி, உலர்வதற்கு நேரமும் சற்று மிகுதி.

மாணவர் இதனை வீட்டிலேயே அளந்து காணலாம். 400 கிராம் எடையுள்ள உலர்ந்த துண்டு ஒன்றை நனைத்து, கையால் பிழிந்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்தால் 700 கிராம் இருப்பதாகக் கொள்க. ஏறிய 300 கிராமும் நீரே. அதனை ஆவியாக்க இயற்கை கேட்பது ஐந்தில் ஒரு யூனிட். பின்னர் அத்துண்டை மற்றொருவர் துணையுடன் இறுக முறுக்கிப் பிழிந்து மீண்டும் நிறுத்துப் பார்த்தால், குறைந்த எடை எத்தனை கிராமோ அத்தனை கிராமுக்குரிய மின்சாரம் இருவர் கைவலியால் மிஞ்சியதாகும்.