ஒரு செடி, ஒரு சட்டி, ஒரு நோட்டு

ஜனவரி பிறந்ததும் நம்மில் பலர் தீர்மானங்கள் எடுக்கிறோம். "இந்த ஆண்டு நிறையச் செடி வளர்ப்பேன், பறவைகளையும் பூச்சிகளையும் காப்பேன்" என்பதும் அவற்றுள் ஒன்று. எண்ணம் நல்லதுதான். ஆனால் 'நிறைய' என்றால் எத்தனை? 'காப்பது' என்றால் என்ன செய்வது? அளந்து பார்க்க முடியாத தீர்மானம் பொங்கல் கழிவதற்குள் மறந்துபோகும். ஆகவே, மாணவ நண்பர்களே, அளக்கக்கூடிய மூன்று சிறு தீர்மானங்களை இங்கே காண்போம். தோட்டம் இல்லாதவர்கள் மொட்டை மாடியிலேயே இவற்றைச் செய்யலாம்.

புழுவுக்கு ஒரு செடி

பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி பெருகும் என்று பலரும் நினைக்கிறார்கள். பூவில் தேன் குடிக்க அது வரும், குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட அதற்கு வேறு செடி வேண்டும். ஏனெனில், பெரும்பாலான பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளின் இலைகளை மட்டுமே தின்னும். எலுமிச்சை அழகி என்னும் பட்டாம்பூச்சி எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றில் முட்டையிடுகிறது. இவை நான்கும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பட்டாம்பூச்சிக்கு இது எப்படித் தெரிகிறது? பெண் பூச்சி இலைமீது அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கிறது. அந்தக் கால்களில் சுவை அறியும் உறுப்புகள் உள்ளன!

சிறு புழு கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்ததும் பச்சை நிறம் பெற்று இலையோடு இலையாகிவிடும். முட்டை பட்டாம்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

இந்த ஒரு மாதத்தில்தான் நம் தீர்மானத்துக்குச் சோதனை. இலையில் ஓட்டையைக் கண்டதும் வீட்டில் பூச்சிமருந்தைத் தேடுவார்கள். மருந்து தெளித்தால் புழு சாகும்; பட்டாம்பூச்சியும் இல்லை. சிட்டுக்குருவிக்கும் நட்டம்தான். தானியம் தின்னும் அந்தப் பறவை, தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டி வளர்க்கிறது. எனவே இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் வையுங்கள். ஒன்று குழம்புக்கு, மற்றொன்று புழுவுக்கு. முதல் செடியில் புழுவைக் கண்டால் இலையோடு எடுத்து இரண்டாவதில் விடுங்கள். ஓராண்டு முழுதும் மருந்து கிடையாது; இதுவே முதல் தீர்மானம்.

பறவைக்கு ஒரு சட்டி

கோடையில் பறவைகளுக்கு நீர் வைக்க மண்சட்டியே சிறந்தது. மண்சட்டியின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. இவ்வளவு வெப்பமும் சட்டியிலுள்ள நீரிலிருந்தே எடுக்கப்படுவதாகக் கொண்டால், ஒரு கிராம் ஆவியாகும்போது 58 கிராம் நீர் 10 டிகிரி குளிரும். வெளிக்காற்றும் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், உண்மையில் இவ்வளவு குளிராது. ஒரு மண்சட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்திலும் ஒரே அளவு நீர் ஊற்றி நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள்.

சட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக இருக்க வேண்டாம். சிறு பறவைகள் நிற்பதற்கு நடுவே ஒரு கல் வையுங்கள். ஓர் எச்சரிக்கை! டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் சாவதில்லை. ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத் தவறாமல் செய்ய முடியாதவர்கள் சட்டி வைக்காமல் இருப்பதே நல்லது.

உங்களுக்கு ஒரு நோட்டு

வாரம் ஒருநாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் 15 நிமிடம் உட்காருங்கள். வந்த பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் எண்ணி எழுதுங்கள். ஒன்றும் வராவிட்டால் 'பூஜ்யம்' என்று எழுதுங்கள். அதுவும் ஒரு தகவல்தான். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் குறித்துக்கொண்டு பிறகு ஆசிரியரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதிலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து எழுதுவதே முறை. மாணவர்களும் அதில் பங்குகொள்ளலாம்.

டிசம்பரில் அந்த நோட்டைப் புரட்டினால் 52 வாரக் கணக்கு இருக்கும். எந்த மாதத்தில் புழு வந்தது, எப்போது பறவைகள் குறைந்தன என்பது உங்களுக்கே தெரியவரும். அதை வைத்து அடுத்த ஆண்டுத் தீர்மானத்தை இன்னும் சரியாக எடுக்கலாம். இன்றே ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் தேதியை எழுதுங்கள்!