சார் கீழே, பிள்ளைகள் மேலே

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஏதாவதொரு அரசுத் தொடக்கப்பள்ளி. இரண்டாம் வகுப்பில் சார் அடிக்குரலில் ஒரு வரி பாடிக் காட்டுகிறார். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே திருப்பிப் பாடுகிறார்கள். சாருக்கு 1 கட்டைச் சுருதி என்று வைத்துக்கொண்டால், அவருடைய அடிப்படைச் சுரமான ‘ச’ நொடிக்குச் சுமார் 131 அதிர்வு. ஏழு வயதுப் பிள்ளையின் குரல்நாண் அவருடையதில் ஏறக்குறையப் பாதி நீளம்தான். அவ்வளவு கீழே அது இறங்காது. ஆகவே பிள்ளைகள் 262-க்குத் தாவிவிடுகிறார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் சாரோடு ஒன்றாகப் பாடுவதாகத்தான் வகுப்பே நினைக்கிறது. சாரும் அப்படித்தான் நினைக்கிறார்.

இதற்கு ஒரு பாதிக் காரணம் ஒலியிலேயே இருக்கிறது. எந்தக் குரலும் ஒற்றை அதிர்வு கிடையாது. 131 பாடும்போதே 262, 393 என்று அதன் மடங்குகளும் கூடவே கிளம்புகின்றன. பிள்ளைகள் தாவிய இடம் சாரின் குரலுக்குள் ஏற்கெனவே இருந்ததுதான்.

அப்படியானால் மனிதக் காது பிறவியிலேயே இப்படியா? பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, முடிவை 2019-இல் வெளியிட்டார்கள். அந்த மக்களின் குரலுக்கு எட்டாத உயரத்தில் சின்ன மெட்டுகளை ஒலிக்கவிட்டு, திருப்பிப் பாடச் சொன்னார்கள். மெட்டின் ஏற்ற இறக்கம் ஓரளவு சரியாக வந்தது. ஆனால் கேட்ட ‘ச’வுக்குத் தங்கள் ‘ச’வைப் பொருத்திப் பாடவில்லை. மேல் ‘ச’வும் கீழ் ‘ச’வும் ஒன்று என்ற உணர்வே அதில் தென்படவில்லை. அவர்கள் வழக்கத்தில் கூட்டாகப் பாடுவது அரிது. ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சேர்ந்து பாடிப் பாடித்தான் நம் காது இதைக் கற்றுக்கொள்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. கோயில் பஜனை, டிவி பாட்டு, பாலர் பள்ளி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. அரசுப் பள்ளிக்கும்தான்.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கியது. பாட்டு அதில் முக்கியக் கருவி. எழுத்து படிய வேண்டும் என்பதற்காகப் பாடுகிறார்கள்; கூடவே காதும் பழகிவிடுகிறது. இந்த வரவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வகுப்பில் ஒருவன் மட்டும் உர்ரென்று பாடுவான். ‘இவனுக்குச் சாரீரம் இல்லை’ என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிடுவோம். கவனித்தால், அவன் மேலே தாவாமல் சாரின் குரலையே பிடிக்கப் பார்க்கிறான், அது எட்டாமல் நடுவில் தொங்குகிறான். 1 முதல் 6ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 1990-இல் வெளிவந்தது. இன்னொரு பிள்ளை பாடிக் காட்டினால்தான் சுருதி மிக நன்றாகச் சேர்ந்தது. அடுத்தது பெண்குரல், ஆண்குரல் கடைசி. மிஸ் பாடும் சுருதி பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் எட்டும். சார் பாடும் வகுப்பில், மெட்டைப் பிடித்துக்கொண்ட பெண்ணொருத்தியை எழுப்பி முதலில் பாடவிடலாம், உர்ரென்று பாடுகிறவனை அவள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு.