லெஃப்ட்ல திரும்பினா ஓட்டு விழுமா பாஸ்?

பனித்திட்டுலேர்ந்து காலேஜ் கிளம்பற மக்களே, கடலூர் ரோட்டுல பஸ் வர்ற வரைக்கும் ஒரு கேள்வி. ஒரு கட்சி இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தா ஓட்டு கூடுமா? கேன்டீன்ல கேட்டுப் பாருங்க, டீ ஆறிடும்!

1955 ஜனவரி. சென்னைக்குப் பக்கத்துல ஆவடியில காங்கிரஸ் மாநாடு. 'சோஷலிச பாணி சமுதாயம்'தான் லட்சியம்னு தீர்மானம் போட்டாங்க. அடுத்த மாசமே ஆந்திராவுல தேர்தல். 196 இடத்துல கம்யூனிஸ்ட்டுகளுக்குக் கிடைச்சது வெறும் 15. ஆஹா, ஆவடி மேஜிக்! அப்படின்னுதானே தோணுது? மேட்டர் வேற. கம்யூனிஸ்ட் ஓட்டு சரியவே இல்ல, சுமார் 31 சதவிகிதம் இருந்துச்சு. 1952-ல தனித்தனியா நின்னு ஓட்டைப் பிரிச்சவங்க, இந்த முறை காங்கிரஸோட ஒரே அணியா நின்னாங்க. சிவப்பு பெயின்ட்டைவிட கூட்டல் கணக்குதான் வேலை செஞ்சுது.

இந்திரா காந்தி ரூட் வேற. 1969 ஜூலையில 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கினாங்க. அதே வருஷம் கட்சி ரெண்டாச்சு. 1971-ல 'வறுமையை ஒழிப்போம்'னு போய் 352 இடம் ஜெயிச்சாங்க. உடையாத காங்கிரஸே 1967-ல 283தான். கோஷத்துக்கு முன்னாடியே செஞ்சு காட்டினதுக்கு விழுந்த ஓட்டு அதுன்னுதான் நான் சொல்வேன்.

சரி, நம்ம புதுச்சேரி? 1936 ஜூலை 30 அன்னிக்கு மில் தொழிலாளிகள் மேல பிரெஞ்சு அரசு சுட்டதுல 12 பேர் செத்தாங்க. அந்தப் போராட்டம்தான் 1937-ல எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்துச்சு. (எக்ஸாம்ல கேட்டாலும் கேப்பாங்க!) அதை நடத்தின வ.சுப்பையாவோட மக்கள் முன்னணி, 1959 தேர்தல்ல 39-க்கு 13 இடம் புடிச்சுது. 1969-ல தி.மு.க. கூட்டணியில இந்திய கம்யூனிஸ்ட்டுக்கு 3. 2021-ல இடதுசாரிகளுக்கு ஒண்ணுமில்ல.

கொள்கை நீர்த்துப்போச்சா? எனக்கு அப்படித் தோணல. ஏ.எஃப்.டி. மில்லே 2020-ல மூடியாச்சு. பனித்திட்டுக் கரையில என்னிக்குமே மில் சங்கு ஊதினதில்ல. இங்க பேச்சு ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத்தை ஏத்தணும்னு வலது, இடது, நடு எல்லாருமே மைக் புடிக்கிறாங்க. அப்புறம் 'நான்தான் நிஜ லெஃப்ட்'னு ஒருத்தர் வந்து நின்னா, வலை பின்னிக்கிட்டிருக்கற பெரியப்பா அசருவாரா என்ன? 'பணம் எந்தத் தேதிப்பா கைக்கு வரும்?'னுதான் கேப்பாரு.