சிண்டு முடியும் அணில்

மேற்கணக்கில் ஒருத்தி தும்மினால், கீழ்க்கணக்கு லயத்துக்கு அது காய்ச்சலாகப் போய்ச் சேரும். றக்வானைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. வைக்கிங் மக்களின் புராணத்தில் இந்த வேலைக்கென்றே ஓர் அணில் உண்டு. பெயர் ரட்டடோஸ்கர். உலகங்களைத் தாங்கும் பெருமரத்தின் உச்சியில் ஒரு கழுகு. அடியில் வேரைக் கடித்தபடி நிட்ஹாக் என்ற பெரும்பாம்பு. ஒன்று திட்டியதை மற்றதன் காதில் போடுவதுதான் அணிலுக்கு உத்தியோகம். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டர்லூசன் இதை எழுதிவைத்தார். நம் ஊர் அணில் இராமனுக்கு மணல் சுமந்து முதுகில் மூன்று கோடு வாங்கியது. பிள்ளைகளைச் சிரிக்கவைக்க எனக்கென்னவோ கோள்மூட்டிதான் தோது.

வைக்கிங் நாட்டு அணில் செந்நிறச் சின்ன உருப்படி. கால் கிலோவைச் சற்றுத் தாண்டும். சிங்கராஜவனத்தை ஒட்டிய நம் மலைக்காட்டு மலையணிலோ ஒன்றரை, இரண்டு கிலோ. சிங்களத்தில் தண்டுலேனா என்பார்கள். ஈரவலயத்து வகைக்கு முதுகு கறுப்பு, வயிறு மஞ்சள், உடம்பளவுக்கு வால்.

மரமேறிய பூனை இறங்கத் தெரியாமல் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அணிலுக்கு அந்தச் சங்கடம் இல்லை. பின்னங்கால் கணு அப்படியே பின்னால் திரும்பிக்கொள்ளும்; நகங்கள் பட்டையில் கொக்கியாக மாட்ட, தலைகீழாக ஓடி இறங்கும். மலையணில் அப்படித் தொங்கிக்கொண்டே இரு கையாலும் பழம் தின்னும்.

ரட்டடோஸ்கர் என்றால் 'துளைப்பல்லன்' என்று பொருள் சொல்கிறார்கள். பொருத்தம்தான். முன்பல் ஆயுள் முழுக்க வளரும். அதன் முன்பக்கம் கெட்டி, பின்பக்கம் மென்மை. பின்பக்கம் முந்தித் தேய்வதால் உளிபோலக் கூர் நிற்கும்.

கோள் விஷயம்தான் அபாண்டம். மலையணில் சடசடவென்று காடதிரக் கத்துவது உண்மை. ஆனால் அது கழுகுக்குச் சேதி கொண்டுபோவதில்லை. கழுகைக் கண்டுதான் கத்துகிறது.

தரையில் இறங்குவது அதற்கு ஆகவே ஆகாது. 6 மீட்டர் வரை தாவும்; ஓடித் தப்ப வசதியாகக் கிளைகள் பின்னும் இடத்தில் கூடு கட்டும். தமிழ்நாட்டில் இதே இனத்துக்காக 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயமே அமைத்தார்கள். கிளை கிளையைத் தொடும் இடம்வரைதான் இதன் ராச்சியம். நடுவில் தேயிலை மலை விரிந்தால் பாதை அறுந்தது. அக்கரை லயத்தோரப் பலா எவ்வளவு மணத்தாலும், இக்கரைக் கிளையில் குந்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.