மெயில் சர்வர் மூச்சுத் திணறும்போது...



மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் இடம் இருக்கும். நெட்வொர்க்கும் சரியாக இருக்கும். ஆனால் புதிய மெயில் எதுவும் உள்ளே வராது. லாக் ஃபைலைத் திறந்தால் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று ஒரே வரி வரிசையாக நிற்கும். இது ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

1969-ல் பெல் லேப்ஸில் பிறந்தது யூனிக்ஸ். அதிலும், அதன் வழியில் வந்த லினக்ஸிலும் ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்தால் கெர்னல் அதற்கு ஓர் எண் கொடுக்கும். இதுதான் ஃபைல் டிஸ்கிரிப்டர். நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். நெட்வொர்க் இணைப்பான சாக்கெட்டுக்கும் இதே டோக்கன்தான் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

ஒரு ப்ராசஸுக்கு இத்தனை டோக்கன்தான் என்று வரம்பு உண்டு. 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது வெறும் 20. இன்றைய லினக்ஸில் சாதாரணமாக 1024. ஒரு செல்போனில் மெயில் ஆப் திறந்திருந்தால், அதற்காக சர்வரில் ஒரு சாக்கெட் நாள் முழுக்கத் திறந்தே இருக்கலாம். ஆயிரம் பேர் வந்தால் 1024 எந்த மூலைக்கு?

இனி, சரிசெய்யும் முறை.

முதலில் லாக் வரியை முழுசாகப் படிக்கணும். எர்ரர் எண் 24 என்றால் அந்த ஒரு ப்ராசஸின் வரம்பு தீர்ந்தது. 23 என்றால் மொத்த மெஷினின் வரம்பே தீர்ந்தது. பெரும்பாலும் வருவது 24-தான்.

இரண்டாவது, ஓடுகிற ப்ராசஸின் வரம்பைப் பார்க்கணும். பலர் தங்கள் டெர்மினலில் 'யூலிமிட்' அடித்துப் பார்த்து ஏமாந்துபோவார்கள். அது உங்கள் ஷெல்லின் வரம்பு, சர்வருடையது அல்ல. 'ப்ராக்' டைரக்டரியில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் 'லிமிட்ஸ்' என்ற ஃபைல் இருக்கு. அதுதான் உண்மையைச் சொல்லும்.

மூன்றாவது, அங்கேயே உள்ள 'எஃப்டி' டைரக்டரியில் எத்தனை டிஸ்கிரிப்டர் திறந்திருக்கு என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறித்து வைக்கணும். எல்லாமே இந்தக் கணக்கில்தான் இருக்கு. பகலில் ஏறி இரவில் இறங்கினால் கூட்டம் அதிகம், அவ்வளவுதான், வரம்பைக் கூட்டலாம். கூட்டம் குறைந்தும் எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், எங்கேயோ டோக்கன் திரும்பி வரவில்லை.

எங்க அப்பா ஸ்கூல் பக்கம் போனதில்லை. ஆனால் வயலில் தண்ணி நிக்கலைன்னா மடையைப் பெருசாக்கமாட்டார். முதலில் வரப்பில் நண்டு வளை இருக்கான்னுதான் பார்ப்பார். சர்வருக்கும் அதே வைத்தியம்தான். 'எல்எஸ்ஓஎஃப்' கமாண்டு கொடுத்தால் எவையெல்லாம் திறந்திருக்கின்றன என்று காட்டும். 'க்ளோஸ் வெயிட்' நிலையில் சாக்கெட்டுகள் குவிந்திருந்தால், எதிர்ப்பக்கம் இணைப்பை முடித்தும் நம் புரோகிராம் மூடவில்லை என்று அர்த்தம். அந்த புரோகிராமைத் திருத்தணும், அல்லது திருத்திய பதிப்பைப் போடணும். ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். வரம்பைக் கூட்டினாலும் இன்று வரும் கோளாறு அடுத்த வாரம் வரும்.

கூட்டம்தான் காரணம் என்றால், சிஸ்டம்டி மூலம் ஓடும் சர்வீஸுக்கு அதன் யூனிட் ஃபைலில் 'லிமிட் நோஃபைல்' மதிப்பைக் கூட்டி, சிஸ்டம்டியை ரீலோடு செய்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யணும். பிறகு 'லிமிட்ஸ்' ஃபைலை மறுபடி பார்த்து உறுதிசெய்யணும்.

இதில் ஓர் ஆறுதல்: இப்படி வராத மெயில் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர் அதைக் கியூவில் வைத்து மறுபடி மறுபடி முயலும். 1998-ல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸில் இந்தக் காத்திருப்பு வழக்கமாக 5 நாள். அதற்குள் சரியாகவில்லை என்றால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பெறவேண்டியவருக்கு ஒன்றுமே தெரியாது.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நமக்கு இன்டர்வியூ அழைப்பு இன்று மெயிலில்தான் வருகிறது. நாளை நம்மில் யாராவது ஒரு சர்வரின் முன் உட்காரும்போது, அந்தக் கியூவில் இன்னொரு வீட்டின் முதல் பிள்ளைக்கு வந்த கடிதமும் காத்திருக்கலாம். அந்த 5 நாள் கணக்கை மறக்காமல் வேலை செய்வோம்.



– இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்